கோர்ட்டைச் சுற்றியவள்

அந்தக் கட்டடத்தைப் பற்றி யார் எழுதினாலும் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் தீராத எரிச்சல். சிவப்புச் செங்கல் முகப்பு, கூர்மாடம், ரோமன் எண் போட்ட கடிகாரம், விக்டோரியா மகாராணி காலத்துக் கம்பீரம் என்று நாலு வரி, கூடவே ஒரு போட்டோ, அவ்வளவுதான். பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு எழுதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அரசாங்கக் கட்டடங்களைப் பழுதுபார்க்கிற வேலையில் என் ஆயுசில் பாதியைக் குப்பை கொட்டியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், ஒரு கட்டடம் எப்படிப்பட்டது என்று அதன் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

பாபநாசத்தைத் தாண்டி பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது அந்த ஊர். பெயர் வேண்டாம். கட்டடம் கிழக்கு பார்த்தது. நடுவில் கோர்ட்டு ஹால். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். தேக்கு உத்திரங்கள், அவற்றின் குறுக்கே சட்டங்கள், அதற்கு மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டு இறுக்கிய மெட்ராஸ் டெர்ரஸ். மேலே வரிசையாக வெண்டிலேட்டர்கள், அவற்றில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி. காலையில் சாட்சிக் கூண்டின் மேல் பச்சை வெளிச்சம் விழும். அந்த வெளிச்சத்தில் எப்பேர்ப்பட்ட யோக்கியனும் காமாலைக்காரன் மாதிரித்தான் தெரிவான்.

படம் போட்ட வெள்ளைக்காரனுக்கு நம் வெயில் என்றால் பயம். ஹால் சுவரில் வெயிலே படக்கூடாது என்று நாலு பக்கமும் வராந்தா வைத்துவிட்டான். சாதாரணமாக முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைப்பார்கள். இவன் மூலைகளையும் விடவில்லை. வளைவு வளைவாகத் தூண்கள், இடையில் ஒரு தடுப்பு கிடையாது. முன்வாசலில் நடக்க ஆரம்பித்தால் தெற்கே திரும்பி, மேற்கே திரும்பி, வடக்கே திரும்பி, மறுபடி முன்வாசலுக்கே வந்துவிடலாம்.

மேற்குச் சுவரில், ஜட்ஜ் நாற்காலிக்கு நேர் பின்னால், கை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. கரண்ட் வருவதற்கு முன்னால் ஹாலில் துணிப் பங்கா தொங்கிய காலத்தில் அதன் கயிறு போன வழி அது. பங்கா இழுக்கிறவன் பின்வராந்தாவில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கயிற்றை இழுப்பான், காற்று உள்ளே இருப்பவர்களுக்கு. மின்விசிறி வந்தபிறகு அந்த ஆள் போய்விட்டார். துவாரத்தை அடைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இவ்வளவும் இன்ஜினீயர் ஆனபிறகு தெரிந்துகொண்டவை. முதன்முதலில் நான் அங்கே போனது பிரதிவாதியின் மகளாக.

அப்பா மிராசுதாரின் நிலத்தில் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு உழுதார். எங்கள் கூரைவீடு நின்ற மனையும் மிராசுதாருடையதுதான். ஆட்சி மாறி, புதியவர்கள் கோட்டைக்குப் போயிருந்த காலம். உழுகிறவனுக்கே நிலம் என்று ஊரில் சுவர் சுவராக எழுதிப் போட்டிருந்தார்கள், அந்தச் சுவர்களும் மிராசுதாருடையவைதான். அப்பா களத்தில் செங்கொடி கட்டிய ஆட்களோடு சேர்ந்துகொண்டு, சட்டம் சொல்கிற பங்கைத்தான் அளப்பேன் என்றார். மிராசுதார் சண்டைக்கு வரவில்லை. அப்பாவை நிலத்தை விட்டும் மனையை விட்டும் வெளியேற்ற வேண்டும் என்று வழக்குப் போட்டார். சட்டம் நம் பக்கம் என்று எல்லோரும் அப்பாவுக்குத் தைரியம் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தாலும் அதைப் பார்க்க பஸ் ஏறித்தான் போகவேண்டியிருந்தது.

வழக்கு எடுத்துக்கொள்வதற்குள் அப்பா போய்விட்டார். ஆடி மாசத்துக் காய்ச்சல், நாலு நாள்கூடப் படுக்கவில்லை. வழக்கில் அம்மாவைச் சேர்த்தார்கள். ஆனால் வழக்குக் கட்டின் மேல் முதல் பெயராக அப்பாவின் பெயரே இருந்தது. அந்தக் கோர்ட்டில் டவாலி, அதாவது பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று ஆளைக் கூப்பிடுகிறவர், முதல் பெயரை மட்டும்தான் படிப்பார். எல்லா வழக்குக்கும் அப்படித்தான்.

அன்றைக்கு அம்மா, சித்தப்பா, நான் மூன்று பேரும் போனோம். அம்மா நேரில் நின்று, அவர் போனபிறகும் நான்தான் பயிர் செய்கிறேன் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மூன்று மாவும் போகும், வீடும் போகும். இது எனக்கே தெரிந்திருந்தது. பஸ்ஸில் அம்மா அந்த ஒரு வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வக்கீல் பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் ஒரு அறையில் இருந்தார். மாடியில் போர்டெல்லாம் இங்கிலீஷில் இருக்கும் என்று, பள்ளிக்கூடம் போகிற என்னையும் சித்தப்பா கூட்டிக்கொண்டார்.

“அண்ணி, இந்தக் கதவுகிட்டயே நில்லுங்க. கூப்பிட்டா இருக்கேன்னு சொல்லிட்டு உள்ள போயிடுங்க. நான் வக்கீலக் கூட்டியாந்துடறேன். எங்கயும் நகராதீங்க” என்றார்.

நாங்கள் வக்கீலைத் தேடிப் பிடித்துக் கீழே வந்தபோது வாசலில் அம்மா இல்லை. டவாலி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, “மூணு தரம் கூப்பிட்டாச்சு, ஆள் வரலைன்னு எழுதியாச்சு, போங்க” என்றார். வக்கீல் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். அப்போதுதான் வடக்கு வராந்தாப் பக்கத்திலிருந்து அம்மா வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். முகம் கழுவினது போல் இருந்தது.

“எங்க போனீங்க அண்ணி?”

“சுத்தி வந்தேன்.”

“எதை?”

அம்மா கையைத் தூக்கி, கடிகாரத்தோடு சேர்த்து மொத்தக் கட்டடத்தையும் காட்டினாள்.

சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். “கூப்பிட்டது காதுல விழலியா?”

“விழுந்துச்சு.”

“அப்புறம்?”

“பாதிச் சுத்துல திரும்பக் கூடாதுல்ல தம்பி. முடிச்சுட்டுத்தான வரணும்.”

அவளுக்கு அந்த வராந்தா பிரகாரமாகத் தெரிந்திருக்கிறது. கல்படி, வாசலில் பட்டை போட்ட ஆள், உள்ளே உயரத்தில் ஒருவர், அவர் முன்னால் கைகட்டி நிற்கிற கூட்டம், சுற்றிலும் தூண் வைத்த நடை. படபடப்பு தாங்காமல், ஒரு சுற்று வந்து வேண்டிக்கொண்டு உள்ளே போகலாம் என்று கிளம்பிவிட்டாள். கூப்பிட்ட வாசல் ஒரு பக்கம், பதில் சொல்லவேண்டியவள் ஒரு பக்கம் என்று வழக்கு அன்றே எங்களுக்கு எதிராக முடிந்தது. எக்ஸ்பார்ட்டி என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். ஆள் வராததால் எதிராளி கேட்டதெல்லாம் அவருக்கே என்று அர்த்தம்.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கோர்ட்டு அமீனா எந்த நிமிஷம் வந்து அடுக்குப்பானைகளைத் தெருவில் வைப்பாரோ என்று, நாய் குரைத்தால்கூட சித்தப்பா வெளியே ஓடிப் பார்ப்பார். தெருவில் பேச்சு அடங்கவில்லை. கும்பிடுவதற்குக் கோர்ட்டுதானா கிடைத்தது என்று சிரித்தார்கள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. ராத்திரி அவள் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தது ஞாபகம் இருக்கிறது.

வக்கீல் நல்ல மனுஷர். தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போடலாம் என்றார். வராததற்குத் தகுந்த காரணம் வேண்டும்.

“காய்ச்சல்னு சொல்லிடுங்கம்மா. டாக்டர் சர்டிபிகேட் நான் வாங்கித் தர்றேன். நடக்கிற விஷயந்தான்.”

“அவரு காய்ச்சல்லதாங்க போனாரு” என்றாள் அம்மா. “அதை வச்சு நான் பொய் சொல்ல மாட்டேன்.”

வக்கீல் சித்தப்பாவைப் பார்த்தார், சித்தப்பா மோட்டுவளையைப் பார்த்தார். அதோடு காய்ச்சல் பேச்சு முடிந்தது.

மனு விசாரணைக்கு வந்த அன்று நானும் ஹாலுக்குள் இருந்தேன். ஜட்ஜ் நாற்காலியில் இருந்த முன்சீப் நரைத்த தலைக்காரர், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்தார். கூண்டில் ஏறிய அம்மாவின் மேல் பச்சை வெளிச்சம் விழுந்தது. ஏன் வரவில்லை என்று கேட்டார். அம்மா உள்ளதைச் சொன்னாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, கூப்பிட்டது கேட்டும் வரவில்லை என்று அந்த அம்மாளே ஒத்துக்கொள்கிறாள், இதைவிட என்ன வேண்டும் என்றார்.

“ஏம்மா, கோர்ட்டைச் சுத்தினீங்களே, இங்க என்ன சாமியா இருக்கு?” என்றார் முன்சீப். அவருக்கும் சிரிப்பு வந்திருந்தது.

“அது தெரியலீங்க. நாலு பக்கமும் வழி இருந்துச்சு. யாரும் தடுக்கல.”

சிரிப்பு நின்றது. ஏன் என்று அந்த வயதில் எனக்கு முழுசாகப் புரியவில்லை, ஆனால் எங்கள் ஊர்க் கோயிலில் எங்கள் தெருக்காரர்கள் வெளிமதிலைத்தான் சுற்றுவோம் என்பது தெரியும். உள்பிரகாரத்தில் என்ன தூண், எத்தனை தூண் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சட்டம் எப்போதோ கதவைத் திறந்துவிட்டதாகச் சொல்வார்கள். எங்கள் ஊரில் அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் நின்றார்கள்.

முன்சீப் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். “காட்டுங்க, எங்க இருந்தீங்கன்னு பாப்போம்” என்று தன் பக்கத்துக் கதவு வழியாக வராந்தாவுக்குப் போனார். அம்மா போனாள், வக்கீல்கள் இரண்டு பேரும் போனார்கள், தடுப்பார் இல்லாததால் நானும் போனேன். மேற்கு வராந்தாவின் நடுவில், சுவரில் அந்தத் துவாரம் இருக்கிற இடத்தில், அம்மா நின்றாள். “இங்கதாங்க” என்றாள். முன்சீப் ஆள் அனுப்பி, அன்றைக்குக் கூப்பிட்ட மாதிரியே கூப்பிடும்படி டவாலிக்குச் சொன்னார்.

டவாலி முன்வாசலிலிருந்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். குரல் தெற்கு வராந்தா வழியாக வளைவு வளைவாகத் தாண்டி வந்தது. கூடவே வடக்கிலிருந்தும் வந்தது. ஹாலுக்குள் போன குரல் சுவர்த் துவாரத்தின் வழியாகக் கம்மலாக, பக்கத்தில் நின்று யாரோ சொல்வது மாதிரி வந்தது. முன்சீப் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்தார். டவாலி மறுபடி கூப்பிட்டார். மறுபடி. அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பயந்துபோயிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

“யார் பேரும்மா அது?” என்றார் முன்சீப்.

புருஷன் பேரைப் பற்றி அம்மா எப்படி வாய் திறப்பாள்? நான்தான் முந்திக்கொண்டு, “எங்கப்பா பேருங்க” என்றேன்.

“அப்பா எங்க?”

“செத்துட்டாருங்க.”

அவர் அம்மாவை ஒரு தடவை பார்த்தார். வந்த வழியே திரும்பாமல், வடக்கு வராந்தா வழியாகச் சுற்றி நடந்து முன்வாசலில் நுழைந்து நாற்காலிக்குப் போனார். டவாலி அவரை அந்த வாசலில் எதிர்பார்க்காமல் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

“நாலு பக்கமும் இப்படி வராந்தா விட்டுக் கட்டினா யாரா இருந்தாலும் சுத்தத்தான் செய்வாங்க. கட்டினவன் மேல தப்பு” என்றார். பழைய தீர்ப்பை ரத்து செய்து வழக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வாய்தா மேல் வாய்தாவாக அது இழுத்தது. கடைசியில் குத்தகை அம்மா பெயரில் பதிவானது. வீட்டு மனை புதுச் சட்டத்தில் எங்களுக்கே வந்தது. அந்த மனையில் இன்று நிற்பது மாடிவீடு, நான் போட்ட படம். அம்மாவுக்கு மட்டும் தெருவில் ‘கோர்ட்டைச் சுத்தினவ’ என்கிற பட்டம் நிலைத்துவிட்டது. கல்யாணம் காட்சி என்று சொந்தம் கூடினால் சித்தப்பா அந்தக் கதையை நடித்தே காட்டுவார், தலையில் அடித்துக்கொள்வது உட்பட. அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நான் இன்ஜினீயரிங் படிக்கப் போனபோது, “ஆத்தா சுத்துனதை மவ அளக்கப் போறா” என்றார் சித்தப்பா. அவர் வாய் முகூர்த்தம்.

பல வருஷம் கழித்து, அந்தக் கோர்ட்டு ஊருக்கு வெளியே புதிதாகக் கோர்ட்டு வளாகம் எழும்பியது. பழைய கட்டடத்தை வேறொரு அலுவலகத்துக்குக் கொடுப்பதாக முடிவாகி, மாற்றி அமைக்கிற வேலை என்னிடம் வந்தது. மேற்கு வராந்தாவை அடைத்துக் கழிப்பறையும் ரெக்கார்டு ரூமும் கட்டவேண்டும், சுவர் ஓட்டையைப் பூச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். டேப்பைப் பிடித்து மூலை மூலையாக அளந்தேன். வீட்டுக்கு வந்து மேஜையில் தாளை விரித்துப் படம் போட்டேன்.

போட்டு முடித்ததும் கை நின்றுவிட்டது. மேற்கு வராந்தாவின் நடுவில் நிற்பவருக்குத் தெற்காகத் திரும்பி வந்தாலும் வடக்காகச் சுற்றி வந்தாலும் முன்வாசல் ஒரே தூரம். பாதிச் சுற்றில் திரும்பக் கூடாது என்பதற்கும் தாமதத்துக்கும் சம்பந்தமே இல்லை. அந்த டவாலி கூப்பிடுகிற தினுசும் எனக்கு ஞாபகம் இருந்தது. தெற்கே பார்த்து ஒரு தரம், தொண்டையைச் செருமி வடக்கே பார்த்து ஒரு தரம், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நடுவில் ஒரு தரம். அதற்குள் சாவகாசமாக நடந்தாலே வந்துவிடலாம். அம்மாவோ நாற்றுமுடியைத் தூக்கிக்கொண்டு வழுக்குகிற வரப்பில் ஓடியவள். முன்சீப் அன்று அந்தப் பாதியை நடந்தே பார்த்தார். அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். என் மரமண்டைக்கு இவ்வளவு வருஷமும் ஒரு டேப்பும் தேவைப்பட்டன.

அம்மா கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். படத்தை எடுத்துக்கொண்டுபோய் எதிரில் உட்கார்ந்தேன்.

“அம்மா, அன்னிக்கு நீ நடந்துக்கிட்டு இல்ல. நின்னுட்ட.”

அவள் படத்தைப் பார்க்கவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே, “ஆமா” என்றாள்.

“அப்ப கோர்ட்டுல பொய் சொன்னியா?”

“சுத்துனது நெசம். திரும்பக் கூடாதுன்னு இருந்ததும் நெசம். நின்னதச் சொல்லல. அவங்க கேக்கவும் இல்ல.”

“ஏம்மா நின்ன?”

அம்மா இன்னொரு காம்பை ஒடித்தாள்.

“உங்கப்பாவ யாரு முழுப் பேரு வச்சுக் கூப்பிட்டிருக்கா சொல்லு. பண்ணையில அரைப் பேரு, முன்னால ஒரு டேய். நான் அந்தப் பேரச் சொல்லக் கூடாது. செத்தப்புறம் சொல்றதுக்கே ஆளில்ல. அன்னிக்கு அவ்வளோ பெரிய கட்டடத்துல, முழுப் பேரு, அந்தப் பக்கத்துலேருந்து வருது, இந்தப் பக்கத்துலேருந்து வருது, செவுத்துக்குள்ளேருந்து வருது. இங்கயே எங்கயோதான் இருக்காரு, அதான் தேடுறாங்கன்னு இருந்துச்சு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நான் போய் நின்னா நிறுத்திடுவாங்கல்ல.”

“வீடு போயிடும்னு தோணலியா?”

“தோணுச்சு. தோணாம இருக்குமா? மூணாவதையும் கேட்டுட்டுப் போயிடுவோம்னு நின்னேன்.”

அன்றைக்குப் பக்கத்தில் படுக்க மாட்டேன் என்று நான் முரண்டு பிடித்த அதே அம்மாவின் மடியில், கீரையோடு கீரையாக, நரைத்த தலையை வைத்துக்கொண்டு அழுதேன். “எந்திரிடி, கீரை நசுங்குது” என்றாள்.

வராந்தாவை அடைக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்தேன். மேற்கு வெயில் நேராக ஹால் சுவரில் இறங்கும், சுண்ணாம்பு விட்டுவிடும் என்று காரணம் காட்டினேன். அதுவும் நிஜம்தான், அம்மா சொன்ன மாதிரி. முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். கழிப்பறையைத் தனியாக வெளியே கட்டினோம். சுவர்த் துவாரத்தைப் பூசுகிற வேலையைப் பட்டியலிலிருந்தே அடித்தேன்.

வேலை முடிந்து, புது அலுவலகம் குடிவருவதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவைக் காரில் கூட்டிப்போனேன். கட்டடத்தில் வாட்ச்மேனைத் தவிர ஆளில்லை. அவரையும் டீ குடிக்க அனுப்பினேன். அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தூண் தூணாகப் பிடித்துக்கொண்டு தெற்குப் பக்கமாகத் திரும்பினாள். நான் டவாலி நிற்கிற இடத்தில் நின்றேன்.

பெற்ற அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் எழவில்லை. செருமிக்கொண்டு தெற்கே பார்த்துக் கூப்பிட்டேன். வடக்கே பார்த்துக் கூப்பிட்டேன். நடுவில் நின்று, ஹாலுக்குள் போகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து முழுப் பெயரையும் கூப்பிட்டேன். பெயர் வளைவுகளைத் தாண்டிப் பின்பக்கம் போவது எனக்கே கேட்டது.

வடக்கு வராந்தாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வரவில்லை. கோர்ட்டில் மூன்று தரம்தான் கூப்பிடுவார்கள். நான் நாலாவது தரமும் கூப்பிட்டேன்.